விளையாட்டாகத் தேடப்படும் ஒருத்தி

திரையில் அடிவாங்கி அழும் ஒரு பெண்ணைப் பார்த்து, "இவளுக்கு யாராவது உதவக் கூடாதா?" என்று நீங்கள் மனதுக்குள் பதறியதுண்டா? பதறியிருப்பீர்கள். நல்ல குணம்தான். அந்தக் குணத்தைக் கறந்து விற்பதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. அதில் மாதச் சம்பளத்துக்கு இருந்த ஒருத்தியின் கதை இது.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் 'குரல்'. பொருள்களுக்கும் பொம்மைகளுக்கும் சமூக வலைத்தளங்களில் பேச்சுக் கொடுப்பது அவள் வேலை. ஒரு சோப்புக்கட்டி ஜோக் அடித்தால் அது அவள். வங்கியின் கிளி பொம்மை பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னால் அதுவும் அவள். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்றாக ஒரு வருடம் முழுக்க வாழ்ந்தாள். "தொட்டியா இருந்தப்பதான் நிம்மதி. யாரும் வந்து அழ மாட்டாங்க. ஒழுகுதுன்னு மட்டும்தான் சொல்லுவாங்க" என்பாள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டே அறைகள் கொண்ட தரைத்தள வீடு; அந்த அடுக்குமாடியின் லிஃப்ட்டும் அவன் பொறுப்புதான். "ஊருக்கெல்லாம் எவ்ளோ இனிமையா பேசுற! என்னைத் திட்டும்போது மட்டும் சொந்தக் குரலு. ஒரு நாளாவது சோப்புக் குரல்ல திட்டேன்" என்று வம்புக்கு இழுப்பான்.

ஒரு படம் வந்தது. தியேட்டருக்குப் போகாமல் நேராக ஓடிடியில் வெளியாகும் படம். அடித்து நொறுக்கும் கணவனிடமிருந்து சின்ன மகளோடு தப்பித்து, பேருந்து நிலையங்களில் ஒளிந்து திரியும் ஒருத்தியின் கதை. பெரிய நடிகர் இல்லை. நாயகி முகம் யாருக்கும் பழக்கமில்லாத புதுமுகம். மேலாளருக்கு அதுவே வசதியாகப் போயிற்று.

"படத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. நாயகி பேர்ல ஒரு கணக்கு, அதுல அவ போட்டோ, அவ பொண்ணு போட்டோ. அவ நிஜமாவே எங்கயோ ஒளிஞ்சிருக்கா. யார் எழுதினாலும் அவளே பதில் எழுதுவா. ரிலீஸ் அன்னிக்குத்தான் இது படம்னு உடைக்கிறோம். அதுவரைக்கும் யாரும் பாத்திரத்தை விட்டு வெளிய வரக் கூடாது" என்றார்.

நாயகி எப்படிப் பேசுவாள் என்பதைக் குரல்தான் வகுத்தாள். சின்னச் சின்ன வாக்கியங்கள். எல்லாரையும் 'கண்ணு' என்பாள். போலீஸ் என்ற சொல்லை எடுக்கவே மாட்டாள், ஏனென்றால் படத்தில் போலீஸ்தான் அவளைச் சமாதானம் பேசித் திருப்பி அனுப்புகிறது.

பக்கத்து நாற்காலியில் 'கூட்டம்' உட்கார்ந்திருந்தான். ஒற்றை ஆள், ஆனால் அவன் கையில் ஏகப்பட்ட போலிக் கணக்குகள். கோபக்காரக் கல்லூரி மாணவன், ஓய்வுபெற்ற ஆசிரியை, புகுந்த வீட்டில் தவிக்கும் புதுப்பெண், எல்லாம் அவனே. தவிக்கும் பெண்ணாக அவன் இன்பாக்ஸில் புலம்புவான், குரல் நாயகியாகத் தேற்றுவாள், அந்த உரையாடலைப் படம்பிடித்துப் போடுவார்கள். ஜனம் உருகும்.

"இன்னிக்கு என்னடா ஆச்சு உனக்கு?"

"மாமியார் சூடு வெச்சிட்டாங்கக்கா. டீ குடிச்சிட்டு வந்து அழறேன்."

பிறகு நிஜப் பெண்களும் எழுதத் தொடங்கினார்கள். இதில் வியக்க ஒன்றுமில்லை. கேட்டால் வாய் திறக்காத தெய்வங்களையே மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக விடாமல் கும்பிடுகிறார்கள். கேட்ட உடனே பதில் எழுதும் ஒருத்தி கிடைத்தால் விடுவார்களா? வீட்டில் கேட்க நாதியில்லை, தெருவில் இல்லை, அலுவலகங்களில் இல்லை. இல்லாத ஒருத்தியாவது காதுகொடுத்துக் கேட்கிறாளே என்று வந்தார்கள்.

குரல் மேலாளரிடம் போனாள். "நிஜமா கஷ்டப்படறவங்க எழுதுறாங்க சார். உதவி எண் ஒண்ணாவது போடலாமே?"

"போட்டா அரசாங்க விளம்பரம் மாதிரி ஆயிடும்மா. ரிலீஸ் முடியட்டும், போடுவோம்."

அந்த வாரத்தில் ஒரு செய்தி வந்தது. 'அக்கா, எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு. நீங்க எப்படி வெளிய வந்தீங்க? எனக்குப் பயமா இருக்கு. பை மட்டும் தெச்சு வெச்சிருக்கேன்.'

படித்ததும் குரலுக்குச் சிரிப்பு வந்தது. கூட்டம் தேறிவிட்டான், பை தைத்து வைத்திருக்கிறாள் என்று எவ்வளவு அழகாகச் சேர்த்திருக்கிறான் என்று நினைத்தாள். அவன் அன்று இருக்கையில் இல்லை, வீட்டிலிருந்து அனுப்பியிருப்பான். அவளும் சளைக்காமல், படத்தில் நாயகியின் தோழி சொல்லும் வசனத்தையே கொஞ்சம் மாற்றி எழுதினாள்: 'எதையும் எடுக்காதே கண்ணு. பொண்ணை மட்டும் கூட்டிட்டு வா. பெரிய பஸ் ஸ்டாண்டு, கடைசி நடைமேடை. நீ வர்ற வரைக்கும் நான் அங்கதான் இருப்பேன்.'

மறுநாள் மத்தியானம் ஒரு புகைப்படம் வந்தது. சிமெண்ட் பெஞ்சு, மஞ்சள் கைப்பிடி வைத்துத் தைத்த நீலப் பை, பக்கத்தில் தரையைத் தொடாமல் தொங்கும் இரண்டு சின்னக் கால்கள். 'வந்துட்டோம் அக்கா. நீங்க எங்க?'

குரல் எட்டிப் பக்கத்து நாற்காலியைத் தட்டினாள். "டேய், போட்டோ பிரமாதம்டா. யாரு குழந்தை?"

கூட்டம் வீங்கிய கன்னத்தோடு திரும்பினான். "எந்த போட்டோ?"

"பஸ் ஸ்டாண்டு. நேத்து எழுதினியே, பை தெச்ச பொண்ணு."

"நேத்து நான் பல்லு புடுங்கப் போயிருந்தேன்கா. ஒண்ணும் அனுப்பலையே."

பொய்யே பிழைப்பாக இருக்கிற இடத்தில் மட்டும் நடக்கக்கூடிய தவறு அது. பொய்யை நிஜம் என்று நம்பி ஏமாந்தவர்கள் உலகத்தில் நிறைய. இவள் நிஜத்தைப் பொய் என்று நம்பிவிட்டாள்.

அவள் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்ததும் மேலாளர் வழிமறித்தார். "எங்கம்மா?"

"பஸ் ஸ்டாண்டுக்கு."

"போய் என்ன சொல்லுவ?"

"அப்படி ஒருத்தி இல்லவே இல்லன்னு சொல்லுவேன்."

"நாளன்னிக்கு ரிலீஸும்மா!"

அவள் படியிறங்கிவிட்டாள்.

கடைசி நடைமேடையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். துணி ஆலையில் தையல்காரி. காதுக்குக் கீழே பழைய காயம், கழுத்தில் புதுக் காயம். குரல் எதிரில் போய் நின்றும் அவள் பார்வை குரலின் தோளுக்குப் பின்னால்தான் தேடிக்கொண்டிருந்தது.

"நான்தாங்க உங்களுக்கு பதில் எழுதினது."

"இல்லீங்க. அவங்க முகம் எனக்குத் தெரியும்."

"அவங்க நடிகைம்மா. அது ஒரு படம். விளம்பரத்துக்காக நாங்க எழுதறோம்."

தையல்காரி மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்ப அவங்க பொண்ணு? அந்தப் பாப்பாவுக்குக் கை உடைஞ்சிருந்ததே?"

"மேக்கப்."

"எங்க பாப்பாவுக்கு நெஜமாவே உடைஞ்சுதுங்க" என்றாள் அவள்.

சிறுமி அம்மாவின் முந்தானையை இழுத்தாள். "அந்தப் பெரியம்மா வரலையாம்மா?"

"அடையாள அட்டை, சம்பளச் சேமிப்பு, இவ மூச்சு மருந்து, எல்லாம் உள்ளயே இருக்கு" என்றாள் தையல்காரி. அவள் பேச்சில் கோபம்கூட இல்லை. "பையில இவ துணி மட்டும்தான். சாவிய உள்ள வெச்சுட்டுக் கதவைச் சாத்திட்டேன். எதையும் எடுக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஆட்டோ பிடித்து இருவரையும் தன் வீட்டுக்கே கூட்டிப் போனாள் குரல். லிஃப்ட் மெக்கானிக் யாரென்றுகூடக் கேட்கவில்லை. குழந்தையின் மூச்சு இழுக்கிற சத்தத்தைக் கேட்டதும் மருந்துக்கடைக்கு ஓடினான். திரும்பி வந்த பிறகுதான் மனைவியைத் தனியே கூப்பிட்டு, "இது சோப்பு இல்லடி" என்றான். "தெரியும்" என்றாள்.

காலையில் அவள் கண்விழித்துப் பார்த்தபோது அந்தப் புகைப்படம் நாயகியின் கணக்கில் வெளியாகியிருந்தது. இன்பாக்ஸின் சாவி மேலாளரிடமும் உண்டு. தையல்காரியின் செய்திகளைப் பெயரை மட்டும் மறைத்துவிட்டு வரிசையாகப் போட்டிருந்தார். கீழே ஒரு போட்டி: 'என்னை நம்பி வந்த இந்தக் கண்ணு இப்போ எங்கே இருக்கா? சரியா கண்டுபிடிக்கிறவங்களுக்கு ஒரு வருட ஓடிடி சந்தா இலவசம்!'

ஆயிரக்கணக்கானவர்கள் தேடிக் கிளம்பினார்கள். உங்களையும் என்னையும் போன்ற நல்லவர்கள்.

அவர்களுக்கு நடுவில் ஒருவன் எழுதியிருந்தான்: 'இது என் பொண்டாட்டி பை. எங்கடா வெச்சிருக்கீங்க அவள?'

'வில்லன் என்ட்ரி!' என்று கைதட்டினார்கள். 'அண்ணே மெரட்டல் நடிப்பு!' என்றார்கள். குரல் தன் சொந்தக் கணக்கிலிருந்து, இது உண்மை, அந்தப் பெண்ணின் உயிருக்கு ஆபத்து என்று எழுதினாள். அதற்கும் இதயம் இதயமாக விழுந்தது. கூட்டம் தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னான்: "என் எல்லாக் கணக்குலயும் போய் இது நெஜம்னு எழுதிட்டேன்கா. சூப்பர் ட்விஸ்டுன்னு சொல்றாங்க. நான் பொய் சொன்னப்ப எல்லாரும் நம்பினாங்களே!"

கொஞ்ச நேரத்தில் ஓர் ஆட்டோக்காரர் எழுதினார்: 'நான்தான் ரெண்டு பொம்பளைங்களையும் பாப்பாவையும் இறக்கி விட்டேன்.' தெருவின் பெயர், அடுக்குமாடியின் நிறம், எல்லாம் எழுதி, 'பரிசு எனக்குத்தானே?' என்று முடித்திருந்தார்.

குரல் அலுவலகத்துக்கு ஓடினாள். "அதை எடுங்க சார். அவன் கொன்னுடுவான்."

"முகத்தைக் காட்டலையேம்மா. பேரும் இல்ல."

"பை இருக்கே! அவளே தெச்ச பை!"

"இப்ப எடுத்தா நாமளே தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்." மேலாளர் மெல்லப் பேசினார், அக்கறையாகவே. "நீ பாத்திரத்துக்குள்ள ரொம்பப் போயிட்டம்மா. ரெண்டு நாள் ரெஸ்ட் எடு."

அவள் இருக்கைக்குத் திரும்புவதற்குள் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள்.

தையல்காரியையும் சிறுமியையும் அழைத்துக்கொண்டு காவல் நிலையம் போனாள். அதிகாரி கைபேசியில் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "இது அந்தப் படந்தானே? என் பொண்ணு காட்டினா. நல்லா பண்றீங்கம்மா."

தையல்காரி மகளின் சட்டைக் கையைச் சுருட்டினாள். எலும்பு கோணலாகக் கூடியிருந்த சின்ன முழங்கை. அதிகாரி குனிந்து பார்த்தார். கேலியாக இல்லை, உண்மையாகவே கேட்டார்: "மேக்கப்பா?"

புகாரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரிலீஸ் முடிந்ததும் பார்க்கலாம் என்றார்கள்.

வேறு போக்கிடம் இல்லாமல் அவர்கள் வீடு திரும்பிய சாயங்காலமே தையல்காரியின் கணவன் வந்துவிட்டான். ஆட்டோக்காரர் வீட்டு எண் எழுதவில்லை. அதனால் மேலே இருந்து மாடி மாடியாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். நல்ல உடை, பணிவான பேச்சு. கதவைத் திறந்தவர்களில் சிலர் போட்டி என்று நினைத்து அவனோடு சேர்ந்து தேடவும் செய்தார்கள். தரைத்தளத்துக்கு இறங்க அவன் லிஃப்ட்டில் ஏறினான். மெக்கானிக் கீழே மின்பெட்டியைத் திறந்து ஒரு சுவிட்சைத் தள்ளினான். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது.

"சார், பதறாதீங்க" என்று கூண்டைப் பார்த்துக் கத்தினான் மெக்கானிக். "சின்ன கோளாறுதான். இதோ பாக்கறேன்."

"சீக்கிரம் திறடா!"

"அவசரப்பட்டா கம்பி அறுந்துடும் சார். அசையாம நில்லுங்க."

அந்த இடைவெளியில் குரல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், தையல்காரி பின்னாலேயே. சிறுமி இருமிவிடக் கூடாதே என்று அம்மா ஓடியபடியே கை நீட்டி அவள் வாயைப் பொத்தியிருந்தாள். மேலே இரும்புக் கதவை அவன் உதைக்கிற சத்தம் தெருமுனைவரை கேட்டது.

படம் வெளியானது. நன்றாக ஓடுகிறது. குரலுக்கு வேலை போய்விட்டது. அவள் எழுதி வைத்த பேச்சு நடையிலேயே இன்னொருத்தி நாயகியாக எழுதிக்கொண்டிருக்கிறாள். இது படம்தான் என்று உடைத்துச் சொல்லிவிட்டார்கள். அதனால் தையல்காரியும் படம்தான் என்று எல்லாருக்கும் உறுதியாகிவிட்டது. போட்டிக்கு வரவேற்பு அதிகம் என்பதால் நீட்டித்திருக்கிறார்கள். அதன் பிறகு தாயும் மகளும் தங்கிய இடங்களையும் யாரோ ஓர் உற்சாகமான மனிதர் கண்டுபிடித்து எழுதினார். ஒவ்வொரு முறையும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினார்கள். ஒவ்வொரு முறையும் அவன் போன முறையைவிடக் கொஞ்சம் முன்னதாகவே வந்து சேர்கிறான். இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

ஒரு பெண் அடிபடுவது கதை என்றால் கண்ணீர் விடுகிறோம், நிஜம் என்றால் கதை என்கிறோம். இந்தச் சீரழிவுக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க அந்தச் சிறுமிக்கு நேரமில்லை. ஆகவே உங்களைக் கேட்கிறேன். மஞ்சள் கைப்பிடி வைத்த நீலப் பையின் புகைப்படம் உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கும். பகிர்ந்திருந்தால் அழித்துவிடுங்கள். உங்களுக்கு அனுப்பியவரையும் கூப்பிட்டு அழிக்கச் சொல்லுங்கள். அப்படி ஒரு தாயையும் மகளையும் எங்கேயாவது பார்த்தால், பார்த்தேன் என்று எவரிடமும் சொல்லாதீர்கள். பிறகு அந்தப் பக்கத்துக்குப் போய், இதை எடுங்கள் என்று உங்கள் சொந்தப் பெயரில் எழுதுங்கள். இன்றைக்கே எழுதுங்கள்.