அம்மாவின் போனில் என் கம்ப்யூட்டர்

பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியபோது அப்பா எனக்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். வடக்கனந்தலில் எங்கள் தெருவில் அதற்கு முன் எந்தப் பெண் பிள்ளைக்கும் அப்படி வாங்கித் தந்ததில்லை. கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த மாமாதான் அதைச் சரிபார்த்துத் தந்தார். நான் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும், பார்க்கிற ஒவ்வொரு பக்கமும் அம்மாவின் போனுக்குப் போகும்படி அதில் ஒரு சாஃப்ட்வேரைப் போட்டிருந்தார். எனக்குச் சொல்லவில்லை.

பள்ளியில் எனக்கு இருந்தது ஒரே தோழி. கல்வராயன் மலையிலிருந்து வந்து, கச்சிராயபாளையத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அவள் ஊரில் அதுவரை பன்னிரண்டாவது வந்த பெண் யாரும் இல்லை. நர்ஸ் ஆக வேண்டும் என்பாள். ஒருநாள் மதியம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, "மூணு மாசமா தலைக்கு ஊத்திக்கல. யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். தலை சுற்றுகிறது என்றும் சொன்னாள். முகம் வெளுத்திருந்தது.

சாயந்திரம் லேப்டாப்பில் தேடினேன். மாதவிடாய் ஏன் நிற்கும், மூன்று மாதம் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றித் தட்டினேன். ரத்தசோகை இருந்தாலும் அப்படி ஆகலாம் என்று போட்டிருந்தது. மறுநாள் அவளிடம் சொல்லலாம் என்று நிம்மதியாக மூடி வைத்தேன்.

காலையில் யூனிஃபார்மோடு வந்து நின்றபோது அம்மா, "இன்னிக்கி ஸ்கூலு வோணாம். கெளம்பு" என்றாள். பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப் போனாள். ஒரு லேடி டாக்டரின் கிளினிக்கில் என்னை உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்ப் பேசினாள். நர்ஸ் வந்து என் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து பாத்ரூமைக் காட்டியபோதுதான் எனக்குப் புரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் என் யூனிஃபார்மைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"ஒண்ணும் இல்லம்மா. பொண்ணு நல்லா இருக்கு" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்தாள். பிறகு, "அப்ப யாருக்குடி?" என்றாள்.

"இன்னா யாருக்கு?"

போனை எடுத்துக் காட்டினாள். நேற்று நான் தேடியது அத்தனையும் வரி வரியாக இருந்தது. முந்தின வாரம் பார்த்தது, அதற்கு முந்தின மாதம் பார்த்தது எல்லாமே இருந்தது. கிளினிக்கில் வராத அழுகை அப்போது வந்தது.

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. என்னோடு சேர்ந்து சாப்பிடுகிறவள் ஒருத்திதான் என்று அம்மாவுக்குத் தெரியும்.

"ரத்தம் கம்மியா இருந்தாலும் அப்டி ஆவும்மா. போட்டிருக்குது, நீயே படி" என்று கெஞ்சினேன்.

"பெத்தவங்க மலையில கீறாங்க. நாளைக்கி ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். வரும் வழியில் என்னைக் கச்சிராயபாளையத்துக்குக் கூட்டிப் போய், ஹாஸ்டலுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு, வார்டனிடம் பேசிவிட்டு வந்தாள்.

இரண்டு நாளில் தோழியின் அப்பா வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரிடமும் காட்டியிருக்கிறார்கள். ரத்தம் குறைவு, வேறொன்றும் இல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்களாம். ஆனால் அதற்குள் ஹாஸ்டலில் பேச்சு கிளம்பிவிட்டது. அவர் மகளைத் திரும்ப அனுப்பவில்லை. பொதுத் தேர்வில் அவள் இடம் காலியாக இருந்தது.

லேப்டாப்பில் போட்டதை எடுத்துவிடச் சொன்னேன். "தப்பு பண்ணாதவளுக்கு இன்னா பயம்?" என்றாள் அம்மா. அப்பா வாசலில் கரும்பு வெட்டுக்கு ஆள் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கு கோயம்புத்தூரில் ஒரு காலேஜில் இடம் கிடைத்தது. அனுப்பவில்லை. பஸ்ஸில் போய் வந்து கள்ளக்குறிச்சியிலேயே படித்து முடித்தேன். அம்மா கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். நானாக எதையும் சொல்வதில்லை. பிள்ளை சாதுவாகிவிட்டது என்று அவள் உறவுக்காரர்களிடம் சொல்கிறாள். உடம்புக்கு வந்தால்கூட எங்கும் தேடிப் பார்ப்பதில்லை. வலி தானாகப் போகும் வரை படுத்துக் கிடக்கிறேன்.

போன வருஷம் கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் என் தோழியைப் பார்த்தேன். இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. இன்னும் வெளுத்துப்போய்த்தான் இருந்தாள்.

"படிச்சிட்டியா?" என்றாள்.

"ம்."

"நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டன்னு நெனச்சேன்."

நான் சொல்லவில்லை என்று ஆரம்பித்தேன். லேப்டாப், மாமா, அம்மாவின் போன் என்று என்னென்னவோ உளறினேன். அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். நம்பியதாகத் தெரியவில்லை. மலைக்குப் போகும் வெள்ளிமலை பஸ் வந்தது. குழந்தையை மாற்றி இடுக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.