எட்டுக் கார்களுக்குக் கண்ணாடி

வீட்டில் பழைய துணிகளை ஊறவைப்பதற்காகக் கொதிநீரில் சலவைச் சோடாவைக் கொட்டும் நாளில், அதன் கார நெடி மூக்கை எட்டிய அடுத்த கணமே என் வலது கைப் பெருவிரலில் ஒரு வழவழப்பு ஊறத் தொடங்கிவிடும். பாசி படிந்த படிக்கட்டில் விரலை வைத்ததுபோன்ற வழவழப்பு அது. எக்ஸ்ரே படத்தின் மேல் பூசியிருக்கும் கரும்படலம் சுடுநீரில் இளகி, விரல் பட்ட இடத்தில் தோலுரிவதுபோல நழுவி, அடியில் இளநீல நிறத்தில் தெளிந்த தாள் வெளிப்படும் அந்த நொடியை நான் பள்ளிப் பருவத்தில் இரண்டு முறை அனுபவித்திருக்கிறேன். முதல் முறை மூவராகச் சேர்ந்து, சிரித்துக்கொண்டு. இரண்டாம் முறை தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு.

எழுபதுகளின் இறுதியில், நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, திருவண்ணாமலைக் கோயிலின் கிழக்குப் பக்கத்தில் ஒரு டாக்ஸி ஸ்டாண்ட் இருந்தது. கறுப்பு உடலும் மஞ்சள் கூரையுமாக எட்டு அம்பாசடர் கார்கள் அங்கே வரிசையாக நிற்கும். அந்த எட்டையும், நம்பர் பலகையிலிருந்து பம்பர் துரு வரை உள்ளது உள்ளபடி, சிறு உருவில் செய்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் மூவரின் ஒரே லட்சியமாக இருந்தது. அளந்து கணக்குப் போடுவது என் வேலை. உண்மைக் காரில் ஓர் அடி என்றால் எங்கள் காரில் அரை அங்குலம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். தகரத்தை வெட்டி வளைத்துப் பற்றவைப்பது ரஹ்மத்துல்லாவின் வேலை. அவன் குடும்பம் ட்ரங்குப் பெட்டியும் புனலும் செய்து விற்ற தகரக்கடைக்காரக் குடும்பம். கடைக்குப் பின்னாலிருந்த சின்ன முற்றம்தான் எங்கள் பட்டறை. பெயிண்ட் அடிப்பது கோதண்டம். அவனைப் போல ஒற்றை மயிர்த் தூரிகையால் நம்பர் பலகையை எழுதக் கூடியவர்களை நான் பிறகு எங்கும் பார்த்ததில்லை.

தையற்கடை டேப்பை எடுத்துக்கொண்டு முதன்முதலாக நாங்கள் ஸ்டாண்டுக்குப் போனபோது, மூத்த டிரைவரான துரைசாமி அண்ணன் பானெட்டின் மேல் சாய்ந்தபடி எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாடா, என் வண்டிக்குச் சட்ட தைக்கப் போறீங்களா? கழுத்துப் பட்டி வச்சித் தைங்க, தீபத்துக்குப் போட்டுக்கும்" என்றார். மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். ஆனால் அளந்து முடியும் வரை காரை நகர்த்தாமல் நின்றவரும் அவர்தான்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. ஒரு காரில் எந்தக் குறை இருந்தாலும் அதைச் செய்தே தீர வேண்டும், மறைக்கக் கூடாது. துரைசாமி அண்ணனின் காரில் இடப்பக்கப் பின்கதவு நசுங்கியிருந்தது. "அது மட்டும் வேணாம்டா, என் மானம் போவும்" என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "இருக்கறத இல்லேனு காட்ட மாட்டோம்ணே" என்று கோதண்டம் சொல்லிவிட்டான். ரஹ்மத்துல்லா சுத்தியலின் முனையால் அந்த நசுங்கலை இரண்டே தட்டில் கொண்டுவந்தான்.

முதல் காரை எடுத்துப் போய்க் காட்டியபோது, அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் திருப்பிப் பார்த்தார். பிறகு, "எல்லாம் சரி, கண்ணாடி எங்கடா? இதுல ஏறி செங்கம் போறதுக்குள்ள காத்துல மூஞ்சே பிச்சிக்கும்" என்றார். மிட்டாய் சுற்றிவரும் கண்ணாடிக் காகிதத்தை ஒட்டிப் பார்த்தோம். மழையில் நனைந்த அப்பளம்போலச் சுருங்கிவிட்டது. கழுவிய எக்ஸ்ரே படம் விறைப்பாக நிற்கும் என்று ரஹ்மத்துல்லாதான் எங்கோ கேட்டு வந்து சொன்னான். படத்துக்கு எங்கே போவது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கையில், மறுநாள் கோதண்டம் பழுப்பு உறை ஒன்றைச் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்தான். அவனுக்குப் பத்து வயதானபோது நெஞ்சுச் சளிக்காக எடுத்த படம் அது.

"பீரோ மேல சும்மாதான் கெடக்குது. எனக்குத்தான் எல்லாம் சரியாப் பூடுச்சே" என்றான்.

வெயிலுக்கு எதிரே அதைத் தூக்கிப் பிடித்தோம். விலா எலும்புகள் ஏணிப்படிபோல இறங்கின.

"டேய், உன் இருதயம் ஸ்டெப்னி மாதிரி ஒரு ஓரமா கெடக்குதுடா" என்றான் ரஹ்மத்துல்லா.

"உனக்கு அது கூட இருக்காது. உன்னப் படம் எடுத்தா வெறும் தகரம்தான் தெரியும்" என்றான் கோதண்டம். பிறகு, ஒரு பக்கத்தில் நகக்கண் அளவில் இருந்த வெள்ளைப் பொட்டைத் தொட்டுக் காட்டி, "இது ஆறிப்போன தழும்பாம், டாக்டர் சொன்னாரு. சாவற வரைக்கும் அப்படியே இருக்குமாம்" என்றான், ஏதோ பரிசு வாங்கியவன்போல.

முதுகெலும்பின் மேலேயே அடிக்கோலை வைத்து நான் படத்தை இரண்டாக வெட்டினேன். ஒரு காருக்குக் கண்ணாடி என்பது, நாற்புறமும் உள்ளிருந்து வளைத்து ஒட்டும் ஓர் அங்குலப் பட்டை; ஒரு பாதியில் ஐந்து பட்டைகள் கிடைக்கும். ஒரு பாதியை அன்றே கழுவி ஐந்து கார்களுக்கு ஒட்டினோம். மீதி மூன்று கார்களின் உடல் தயாராக வேண்டியிருந்ததால், பொட்டு இருந்த பாதியை என் வீட்டில், நில வரைபடப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு எட்டுக் கார்களையும் ஸ்டாண்டில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, உண்மைக் கார்களோடு சேர்த்தே பூஜை போடுவது என்று டிரைவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அதற்குப் பத்து நாள் இருந்தபோது கோதண்டத்துக்குக் காய்ச்சல் வந்தது, இருமல் நிற்கவில்லை. பழைய டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் மறுபடியும் படம் எடுத்தார். அதில் அந்தப் பொட்டு தெரிந்தது. பழைய படத்தைக் கொண்டுவந்தால் இது அப்போதே இருந்ததா, புதிதாக வந்ததா என்று ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றாராம்.

கோதண்டத்தின் தாயார் பீரோவையும் பரணையும் கட்டிலுக்கடியையும் கலைத்துத் தேடிவிட்டு, மறுநாள் மாலை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கோதண்டம் நின்றான்.

"தம்பி, எங்க ஊட்ல ஒரு எக்ஸ்ரே படம் இருந்துச்சி. இவன் உங்ககிட்ட எதுக்குனா எடுத்துனு வந்தானா? கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறான். அது இருந்தா டாக்டருக்குச் சுலபம்னு சொல்றாரு. நான் அடிக்க மாட்டேன், திட்டவும் மாட்டேன். எங்க இருக்குதுனு மட்டும் சொல்லு."

கோதண்டம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையைச் 'சொல்லிவிடாதே' என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு வசதியான பொருள் அது. மருத்துவரின் படத்தை அடிக்கோல் வைத்து வெட்டியவன் நான் என்பது என் தந்தைக்குத் தெரிந்தால் கார் நோட்டு அடுப்புக்குப் போய்விடும் என்பதும், பூஜைக்கு எட்டுக் கார்கள் நிற்காது என்பதும்தான் அந்த நேரத்தில் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஆறடி தூரத்தில், அலமாரியில், அந்தப் பாதிப் படம் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் போதும். பொட்டு அதில்தான் இருந்தது.

"இல்லீங்கம்மா. நான் பாக்கலீங்க" என்றேன்.

அந்த அம்மாள் "சரிப்பா, பாத்தா சொல்லு" என்று சொல்லிவிட்டு மகனின் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

அவர்கள் தெருமுனையைத் திரும்பியதும் நான் வெந்நீர் வைத்தேன். யாராவது புத்தகத்தைப் பிரித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் ஒன்றே அப்போது என்னிடம் இருந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளிச் சோடாநீரில் படத்தை முக்கி, பெருவிரலால் தேய்த்தேன். எலும்புகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. அந்த வெள்ளைப் பொட்டு கடைசி வரை பிடிவாதமாக இருந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் உண்மையில் அது மற்ற இடங்களைப் போலவே, மிக எளிதாக, விரலோடு வந்துவிட்டது. கையில் இளநீலத் தாள் மட்டும் மிஞ்சியது. அதைக் கிழித்தெறிய எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு நல்ல கண்ணாடித் தாளை எங்களில் எவனாலும் எறிய முடியாது. மூன்று பட்டைகளாக நறுக்கி, அதற்குள் உடல் தயாராகியிருந்த மீதி மூன்று கார்களுக்கும் ஒட்டிவிட்டேன்.

ஆயுத பூஜையன்று எட்டுக் கார்களும் ஒரு பலகையில் வரிசையாக நின்றன. எட்டுக் கண்ணாடிகளிலும் வெயில் பட்டு நீலமாக மின்னியது. பூசணிக்காய் உடைந்து சிதற, டிரைவர்கள் கைதட்டினார்கள். கோதண்டமும் வந்திருந்தான். பலகைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு எழுந்து, பொரியைக்கூட வாங்காமல் வீட்டுக்குப் போய்விட்டான். காய்ச்சல் களைப்பு என்று நினைத்தேன்.

சந்தேகம் என்று வந்தபின் விட்டுவைக்கக் கூடாது என்று டாக்டர் காசநோய்க்கு ஊசி தொடங்கியிருந்தார். தினம் ஒன்று, மாதக்கணக்கில். இருமல் நின்றது. உடம்பில் சதை பிடித்தது. அவன் தாயார் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடத் தொடங்கினார். தீபத்துக்கு ஊர் நிரம்பத் தொடங்கிய ஒரு காலையில், ஸ்டாண்டுக்கு எதிரே சாலையின் நடுவில் கோதண்டம் நடந்து போய்க்கொண்டிருந்தான். பின்னால் வந்த துரைசாமி அண்ணன் ஹாரன் அடித்தார். அவன் நகரவில்லை. அருகில் வந்து, நிறுத்தி, கையை எடுக்காமல் அடித்தார்.

"டேய் கோதண்டம், இன்னாடா வெளையாட்டு?" என்று தலையை நீட்டிக் கத்தினார்.

அவன் திரும்பவே இல்லை. நான் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்தபோதுதான் காரைப் பார்த்தான். அந்த முகத்தில் இருந்த வியப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

சிலருக்கு அந்த ஊசி காதைக் கெடுத்துவிடும் என்றும், அது திரும்பி வராது என்றும் பிறகு தெரிந்தது. ஊசியை நிறுத்தினார்கள். அதற்குள் போக வேண்டியது போயிருந்தது.

நான் பட்டம் பெற்றபின், பேரை மறைத்து இரண்டு மருத்துவர்களிடம் இதைக் கேட்டிருக்கிறேன். பழைய படம் இருந்திருந்தால் ஊசியே தேவைப்பட்டிருக்காது என்று ஒருவர் சொன்னார். அந்தக் காய்ச்சலுக்கு, படம் இருந்தாலும் நான் ஊசி போட்டிருப்பேன் என்றார் மற்றவர். ஒரு செயலின் விளைவை எடைபோட்டுத்தான் அதன் குற்றத்தை அறிய வேண்டும் என்று நம்பி வளர்ந்தவன் நான். இந்த ஒன்றில் தராசு எந்தப் பக்கமும் சாயாமல் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த வாசலில் நின்ற தாய்க்கு ஒரு பதிலைப் பெறும் உரிமை இருந்தது. அதை நான் கழுவினேன் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

இன்று அந்த ஸ்டாண்ட் இருந்த இடத்தில் இரும்புத் தடுப்புகளும் ஆட்டோக்களும் நிற்கின்றன. அம்பாசடர்கள் போய்விட்டன. துரைசாமி அண்ணன் இல்லை. ரஹ்மத்துல்லா ஆம்பூர்ப் பக்கம் போய்க் குடியேறி, கடிதங்களும் நின்றுபோயின. எட்டுக் கார்களில் ஏழு எங்கே போயின என்று தெரியாது. நசுங்கிய கதவோடு ஒன்று மட்டும் என் மேசைமேல் இருக்கிறது. சென்ற தை மாதம் அதை எடுத்துக்கொண்டு, ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று அங்கேயே வீடு கட்டியிருக்கும் கோதண்டத்தைப் பார்க்கப் போனேன். உதட்டசைவைப் பார்த்து அவன் பாதி புரிந்துகொள்வான். மீதியை எழுதிக் காட்ட வேண்டும். ஒரு தாளை எடுத்து, 'உன் அம்மா கேட்டபோது அந்தப் பாதி என்னிடம்தான் இருந்தது. அதன்பிறகுதான் கழுவினேன்' என்று எழுதி அவன் முன் வைத்தேன்.

படித்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"தெரியும்டா" என்றான், காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில். "பூஜ அன்னிக்கே எண்ணிப் பாத்தேன். நான் காய்ச்சல்ல படுக்கற வரைக்கும் அஞ்சிக்குத்தான் கண்ணாடி இருந்துச்சி. எட்டுக்கும் நீ ஒட்டி வச்சிருந்த. எங்கம்மாகிட்ட நானும் சொல்லல. எனக்கும் பயம். நீயா சொல்லிடுவேனு அன்னிக்கு வாசல்ல உன்னையே பாத்துனு நின்னேன்."

காரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தான். பின்கண்ணாடியின் ஓரத்தில், கழுவும்போது விரல் படாமல் விட்டுப்போன இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு வளைகோடு மிஞ்சியிருக்கிறது. அவன் விலா எலும்பின் நுனி அது. அதை அவன் நகத்தால் மெல்லத் தடவினான்.

"மன்னிச்சிடுடா" என்றேன்.

அவன் காரைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் உதட்டைப் பார்க்கவில்லை. சற்று நேரம் கழித்து நிமிர்ந்தபோது நான் ஏதோ பேசியிருக்கிறேன் என்று உணர்ந்து, "இன்னா சொன்ன?" என்று கேட்டு, தாளை என் பக்கம் தள்ளினான். அதில் எழுத இன்னும் நிறைய இடம் இருந்தது.