அக்கா யாருக்குச் சொந்தம்?

தையல்காரியை அந்தத் தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளை முதல் பல் போன பெரியவர் வரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடை போட்டதும் பலகையில் அதையே எழுதி, பக்கத்தில் ஒரு கத்தரிக்கோலும் வரைந்துவிட்டாள். கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பெருத்த உடம்புக்கு ரவிக்கையைப் பிரித்துக் கொடுப்பது என்று பிழைப்பு நன்றாகவே ஓடியது.

யார் கண் பட்டதோ! ஊரெல்லாம் கிளை வைத்த துணிக் கம்பெனி ஒன்று, 'அக்கா'வும் கத்தரிக்கோலும் தனக்கே சொந்தம் என்று வணிகக்குறிக்கு மனுப் போட்டது. கிடைத்துவிட்டால் இவள் பலகையைக் கழற்ற வேண்டியதுதான். புருஷன்காரன், "பேரை மாத்திட்டாப் போச்சு, பெரிய இடத்து வம்பு நமக்கெதுக்கு?" என்றான்.

"நீ வாய மூடிட்டு வா" என்று அவனையும் இழுத்துக்கொண்டு ஆட்சேபம் சொல்லப் போனாள்.

விசாரணை அறையில் வணிகக்குறி அதிகாரியின் முன்னால் கம்பெனி வக்கீல் வெளுத்து வாங்கினார். "அக்கான்னு சொன்னாலே ஜனங்களுக்கு எங்க துணிதான் சார் ஞாபகம் வருது. வேற அர்த்தமே தோணாது!"

சொன்ன வேகத்தில் கை பட்டு அவருடைய ஃபைல் சரிந்து தையல்காரியின் காலடியில் விழுந்தது. வக்கீல் திரும்பினார்.

"அக்கா, அதைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்."

"இந்தாங்க தம்பி" என்று எடுத்துக் கொடுத்தாள். அறையே கொல்லென்று சிரித்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்ப யாரைக் கூப்பிட்டீங்க வக்கீல் சார்? உங்க கம்பெனியையா?"

வக்கீல் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வளர்ந்த வளர்ப்பு அப்படி. கத்தரிக்கோல் இல்லாத தையல் கடை எங்கே இருக்கிறது என்று அதிகாரி கேட்டதும் அவர் ஃபைலை மூடிவிட்டார். மனு தள்ளுபடியானது.

தையல்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புருஷனின் தொடையில் சந்தோஷமாக ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"ஒண்ணு தெரிஞ்சுக்கோங்கம்மா" என்றார் அதிகாரி. "இது உங்களுக்கும் தனிச் சொத்து இல்ல. நாளைக்கே பக்கத்துத் தெருவுல ஒருத்தங்க அக்கான்னு பலகை மாட்டினா, நீங்க தடுக்க முடியாது."

"மாட்டட்டும் சார்" என்றாள் அவள். "எல்லாருக்கும் நானே அக்காவா இருந்தாச்சு. எனக்கும் ஒரு அக்கா கிடைச்சா வேண்டாம்னா இருக்கு?"