நாணல் வேரும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும்

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகத்தில் கல். ஆஸ்பத்திரியில் உடைத்து எடுக்கலாம் என்றார்கள். முதலில் ஆயுர்வேதம்தான் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். சரி, மனுசன் ஏதோ ஒன்றுக்காவது சம்மதித்தாரே என்று யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மா நாணல் வேரோடு இன்னும் சில புல் வேர்களும் சேர்த்துக் கசாயம் காய்ச்சச் சொன்னார்.

“உங்கட இணுவில் பக்கத்துக் கிணத்துத் தண்ணி வேண்டாம், அதிலை சுண்ணாம்பு அதிகம். காய்ச்சிறதுக்கும் குடிக்கிறதுக்கும் பில்டர் தண்ணி எடுங்கோ” என்றும் சொன்னார். இவர் தலையாட்டினார்.

மற்ற வேர்கள் மருந்துக்கடையில் கிடைத்தன. நாணல் வேர் பச்சையாக வேண்டும். சாவகச்சேரிக்கு பஸ் ஏறினேன். அங்கே தங்கை வீட்டு வயலுக்கு அப்பால், குளக்கரையில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது. பூத்தால் படம்பிடிக்க ஆட்கள் வருவார்கள். அவர்களில் ஒருவராவது அதன் வேரைக் கிண்டிப் பார்க்க வேண்டும்! மண்வெட்டி இறங்காது, இலை கையை அறுக்கும். முழங்கை வரை கீறலோடு வந்து, சேறு போகக் கழுவி, இடித்து, எட்டொன்றாக வற்றும்வரை அடுப்படியில் நின்று வெந்தேன்.

இவர் மறுபேச்சில்லாமல் குடித்தார். எனக்கே ஆச்சரியம். ஒருநாள் சட்டியைக் கழுவும்போதுதான் கண்டேன், தண்ணீர் கொதிக்கவைக்கிற எங்கள் கேத்திலில் படிகிற அதே வெள்ளைச் சுண்ணாம்பு அதன் அடியிலும் படிந்திருந்தது. பில்டர் தண்ணீரைப் பூக்கன்றுகளுக்கு ஊற்றிவிட்டு, அந்தப் பிளாஸ்டிக் கானில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி வைத்திருக்கிறார்!

“இஞ்சாருங்கோ, இதென்ன வேலை?”

“என்ரை அப்பு வெட்டின கிணறு. ஊரே அள்ளிக் குடிச்ச தண்ணி. எனக்கு மட்டும் நஞ்சோ?”

“அப்ப நான் ஏன் குளத்துக்கை நிண்டு வேர் கிண்டினனான்?”

எங்கள் ஊரில் பெற்ற பிள்ளையைக்கூடக் குறை சொல்லலாம், கிணற்றைச் சொல்லக்கூடாது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அடுத்த கிழமை வலி வந்து நிலத்தில் உருண்டார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கூட்டி வந்தோம். கல் அப்படியே இருக்கிறதாம், இனி உடைக்கத்தான் வேண்டுமாம். கட்டிலில் கிடந்து தண்ணீர் கேட்டார். புதிதாக வாங்கிய பில்டர் தண்ணீர்க் கானிலிருந்து வார்த்துக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தார்.

“உதிலை ஒரு ருசியுமில்லை” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

வந்த கோபத்தில் மிச்சத்தை நானே குடித்தேன். உண்மையாகவே ருசியில்லை. இந்த மனுசனிடம் அதை எந்த வாயால் ஒத்துக்கொள்வேன்?