மகள் தட்டை வீசியது ஏன்?

சங்கராபுரத்தில் வசிக்கிறோம். மூன்று வயது மகளுக்கு இன்னும் பேச்சு சரியாக வரவில்லை. சாப்பிடும்போது தட்டை வீசுவாள். அடம் என்று நினைத்து அடிப்பேன். ஒருநாள் ஆத்திரத்தில் சோற்றைத் திணித்ததில் புரையேறி, முகம் நீலம் பாரித்துவிட்டது. கவிழ்த்து முதுகில் தட்டியபின்தான் மூச்சு வந்தது.

அங்கன்வாடி டீச்சரிடம் சொல்லி அழுதேன். “போதும்னு சொல்லத் தெரியாமத்தாங்க வீசிக்கினு இருக்குது. கையக் காட்டக் கத்துக்குடுங்க. காட்டுனா உடனே நிறுத்திடுங்க” என்றார்.

அவள் தட்டை வீசப் போகும்போதெல்லாம் கையைத் தூக்கிக் காட்டவைத்தேன். பத்து நாளில் தானே காட்டினாள். ஆனால் என் கணவர், “இன்னா அதுக்குள்ள? இன்னும் ரெண்டு வாய் துன்னு” என்று ஊட்டுவார். தட்டு மறுபடி பறக்கும். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இப்போது அவள் கை உயர்ந்ததும், அவர் எதிரிலேயே தட்டை எடுத்துவிடுகிறேன். முகம் சுளிக்கிறார். சுளிக்கட்டும்.