குள்ளிக்கு யார் சொன்னது?

கம்பைநல்லூர்ச் சந்தைக்கு வழி கேட்க வேண்டியதில்லை. பேருந்தைவிட்டு இறங்கினாலே காது கூட்டிக்கொண்டு போய்விடும். "ஆத்துக் கெண்டைங்கோ! ஒகேனக்கல் கெண்டைங்கோ!" அதுதான் மீன்காரச் சாலம்மாள். மீனைச் சாம்பல் போட்டு உரசி, செதில் தெறிக்கத் தெறிக்க அவள் ஒரு குரல் கொடுத்தால், பக்கத்துத் தெருவில் தூங்குகிறவனுக்கும் வாயில் எச்சில் ஊறும். அந்தத் தொண்டைதான் அவளை நாடகத்துக்குக் கொண்டுபோனது.

மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் ஊரில் ஒரே நாடகம், 'பண்ணையார் வூட்டு மூக்குத்தி'. இப்போது அதை நடத்துகிற கதிரவனின் தாத்தா எழுதியது. அவர் பள்ளிக்கூட வாத்தியார், எழுதி அறுபது வருஷம் இருக்கும். பண்ணையார் பெண்டாட்டியின் வைர மூக்குத்தி காணாமல் போகிறது. வேலைக்காரி குள்ளி மேல் பழியைப் போட்டு அடித்துத் துரத்துகிறார்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை, மகன் கோபித்துக்கொண்டு வெளியேறுகிறான். கடைசியில் மூக்குத்தி அரிசிப் பானைக்குள்ளேயே அகப்பட, குடும்பம் கட்டிப்பிடித்து அழுது ஒன்று சேர்கிறது. அத்தோடு சுபம்.

இந்தக் குள்ளியை ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை. அவள் மேடைக்கே வரமாட்டாள். பண்ணையார் திரைப்பக்கம் திரும்பி, "ஏண்டி குள்ளி, எங்கடி தொலஞ்ச?" என்று அதட்டுவார். உள்ளேயிருந்து "வந்துட்டேஞ் சாமி!" என்று குரல் வரும், ஆள் வராது. தண்ணிச் சொம்பு மட்டும் திரை இடுக்கு வழியாக நீளும். அடி விழுவதும் உள்ளேதான். ஒருவர் வாழைமட்டையால் தரையில் சாத்துவார், குள்ளி அலறுவாள், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

வாத்தியார் கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் காலத்துப் பெரிய வீடுகளில் குள்ளி மாதிரி ஆட்களுக்குக் கொல்லைப்புறத்தோடு சரி. கொல்லையில் நிற்கிறவளுக்கு மேடையில் என்ன வேலை என்று யோசிக்காமலே அவர் கை எழுதியிருக்கும். கன்றுக்குட்டியைக்கூட "தள்ளிக்குங்க" என்று சொல்கிற சீமை இது. அந்த நாடகத்திலும் பால்காரனுக்கு 'ங்க' உண்டு, குடுகுடுப்பைக்காரனுக்கும் உண்டு. குள்ளிக்கு மட்டும் பஞ்சம்.

அவளுடைய குரலும் அலறலும்தான் இருபது வருஷத்துக்கு மேலாகச் சாலம்மாளின் பாகம். திருவிழா நோட்டீசில் சீரியல் பல்பு செட்டுக்காரர் பெயர்கூட இருக்கும், அவள் பெயர் இருக்காது. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் இந்த வருஷம் ஒத்திகையின்போது, உடுப்பு தைத்துக் கொண்டுவந்த ஷகிலா முதல்முறையாக உட்கார்ந்து முழுக் கதையும் பார்த்தாள். முடிந்ததும் நூலைப் பல்லில் கடித்தபடி கேட்டாள்.

"ஏங்க்கா, மூக்குத்திதான் கெடச்சிருச்சே. அந்தக் குள்ளிக்கு யாருக்கா போயிச் சொன்னது?"

சாலம்மாளுக்குப் பழைய கதை ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் அரூரில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். ஒருநாள் வெள்ளி டம்ளரைக் காணோம் என்று அவள் மடியை உதறச் சொன்னார்கள். மடியில் ஒன்றும் இல்லை. ஆனாலும் திருடி என்று தெருவே கேட்கச் சொல்லித் துரத்தினார்கள். வீட்டில் அம்மாவும் தன் பங்குக்கு நாலு வைத்தாள். ரொம்ப நாள் கழித்து அந்த வீட்டுப் பால்காரர் பேருந்தில் பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்த டம்ளரா? அது அடுத்த நாளே மாட்டுத் தொட்டியில கெடச்சிருச்சே புள்ள." அடுத்த நாளே! அத்தனை நாளும் அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்திருக்கிறாள். கிடைத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்ல அந்த வீட்டிலிருந்து ஒரு நாதி வரவில்லை.

நேராகக் கதிரவனிடம் போனாள்.

"தம்பி, கடேசில ஒரு வார்த்த சேத்துக்கலாம். குள்ளி திருடலன்னு பண்ணையார் சொல்லட்டும்."

"அய்யோ அக்கா, தாத்தா எழுதுனது. ஒரு எழுத்த மாத்துனாலும் ஊர்ல பேசுவாங்க. அதுவுமில்லாம, குள்ளிய யாருக்கா நெனச்சுப் பாக்கப் போறாங்க?"

"நாந்தான் நெனச்சுப் பாக்கறனே."

அவன் சிரித்துவிட்டு மைக் செட்டுக்காரரைத் தேடிப் போய்விட்டான். தங்கமான பையன்தான். புத்தி அந்தப் பக்கம் எட்டவில்லை, அவ்வளவே.

திருவிழாவன்று பொழுது சாய்ந்ததுமே திரை ஏறிவிட்டது. பண்ணையார் வேஷம் காளியப்பன். நாலு ஏக்கர் மஞ்சள் போட்டிருக்கிறவர். வேஷத்தைக் கலைத்தால் எறும்பிடமும் மரியாதையாகப் பேசுவார், கட்டினால் சிங்கம். அவர் கர்ஜிக்க, வாழைமட்டை விழ, சாலம்மாள் அலறினாள். எப்போதையும்விட நன்றாகவே அலறினாள். கூட்டமும் வழக்கம்போலச் சிரித்தது. சிரியுங்கள் சாமிகளா, சிரியுங்கள் என்று உள்ளேயே இருந்தாள்.

மூக்குத்தி கிடைத்தது. குடும்பம் கட்டிக்கொண்டு அழுதது. ஆர்மோனியம் இழுத்தது. திரைக்கயிற்றைப் பிடித்திருந்த சென்றாயன் இறக்கிவிடத் தயாரானான். அப்போது உள்ளேயிருந்து, மைக்குக்கு வேலை வைக்காமல், அந்தக் குரல் கேட்டது.

"மூக்குத்தி கெடச்சிருச்சுங்களா சாமி?"

மேடையில் அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். புது காமெடி போல என்று கூட்டம் சிரித்தது.

"கெடச்சிருச்சுன்னா நாந் திருடல தானுங்களே? அத யாராச்சும் எங்கிட்ட ஒரு வார்த்த வந்து சொல்லக்கூடாதுங்களா?"

சிரிப்பு பாதியில் நின்றது. பெண்கள் பக்கம் ஒருத்தி "அதானே!" என்றாள். கதிரவன் பதறிப்போய்த் திரையை இறக்கச் சொல்லி ஜாடை காட்டினான். சென்றாயன் கயிற்றைப் பிடித்தபடி, காது கேளாதவன் மாதிரி வானத்தைப் பார்த்தான். சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது, அந்தச் சென்றாயனுக்காகவும்.

காளியப்பன் திரைப்பக்கம் திரும்பினார். வாத்தியார் எழுதிய வசனம் தீர்ந்துபோயிற்று. ஒட்டு மீசை ஒரு பக்கம் தொங்கியது. இனிப் பண்ணையார் இல்லை, காளியப்பன்தான் வாயைத் திறந்தார்.

"இல்லைங்க. நீங்க எடுக்கலைங்க. நாந்தான் அறிவில்லாமப் பேசிப்புட்டேன். வெளிய வாங்க."

அறுபது வருஷத்தில் குள்ளிக்குக் கிடைத்த முதல் 'ங்க'. கூட்டம் அதைக் கேட்டுவிட்டது. யாரோ கைதட்டினார்கள், பிறகு எல்லாருமே தட்டினார்கள். திரைக்குப் பின்னால் ஷகிலா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போங்க்கா, போங்க" என்று முதுகில் கை வைத்தாள்.

இத்தனை வருஷமும் "வந்துட்டேஞ் சாமி" என்று சொல்லிச் சொல்லி ஒருநாளும் வராதவள், இடுப்பில் செருகிய தலைப்பை எடுத்துவிட்டுக்கொண்டாள்.

"வந்துட்டேன்," என்றாள். 'சாமி' இல்லை.

திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.