கேட்டபோது பேசாதவர்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது, தேயிலை பறித்த கை. எதையாவது மறந்திருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் ஊட்டு ஜன்னல் இடுக்கில் ஓர் அட்டை சொருகியிருக்கிறது. ரெக்கை வைத்த பாம்பொன்று வாயைப் பிளந்திருக்கும் படம். மருமகன் விட்டுப்போனது.

மருமகன் குன்னூரில் எங்களோடுதான் இருந்தார். வேலைக்குப் போனதைவிட அந்த விளையாட்டு அட்டைகளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டதுதான் அதிகம். ஞாயிறானால் அவர் கூட்டாளி, ஃபேக்டரி லாரி ஓட்டும் ஒரு தம்பி, வந்துவிடுவான், இரண்டு பேரும் என் சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொள்வார்கள். டீ கொடுத்துக் கொடுத்தே எனக்கும் அரைகுறையாகப் புரிந்தது. ஒருத்தர் அட்டையைப் போட்டால் அது உடனே வேலை செய்யாது. "பதில் இருக்கா?" என்று எதிராளியைக் கேட்க வேண்டும். இருந்தால் அவர் அதன்மேல் இன்னொன்றைப் போடலாம். கடைசியாகப் போட்டதுதான் முதலில் வேலை செய்யும். போடாமல் விட்டால் முதல் அட்டை சொன்னது நடந்துவிடும். நடந்தபின் கை நீட்டக் கூடாது.

ஒருநாள் டிரைவர் தம்பி வடையைக் கடித்துக்கொண்டே இருந்துவிட்டு, மருமகன் போட்டதில் தன் அட்டை போனபிறகு, பதில் போடக் கையை நீட்டினான். மருமகன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டனா இல்லையா? வடையத் தின்னுட்டிருந்த. முடிஞ்சுது."

"யோசிச்சிட்டிருந்தேன் மச்சா."

"யோசனையெல்லாம் அதுக்கு முன்னாடி."

"கலெக்டராட்டப் பேசற. ஊட்டுக்கு ஒரு தேங்கா வாங்கியார ஒரு வாரம் யோசிக்கிற ஆளு நீ."

மருமகன் முகத்தில் நீதிபதிக் களை. வேறெதற்கும் அந்தக் களையை நான் பார்த்ததில்லை.

பிறகு என் மகளுக்கு வேலை வந்தது. கல்யாணமான பின் அவள் தனக்கென்று ஆசைப்பட்ட ஒரே காரியம் அதுதான்.

"ஏனுங்க, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலைக்குக் கூப்பிடறாங்க. சரின்னு சொல்லிடட்டுங்களா? வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அவர் உறைக்குள் அட்டையைச் சொருகிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. மறுநாளும் கேட்டாள். ஒரு 'ம்' கூட வரவில்லை. அவர் எதிரிலேயே போன் போட்டுச் சம்மதம் சொன்னாள்.

கிளம்பும் காலையில், அவள் பையைத் தூக்கிய பிறகு, வாசலை மறித்துக்கொண்டு கேட்கிறார்: "நான் எப்போ சரின்னேன்?"

மகள் பையைக் கீழே வைத்துவிட்டாள். ரோட்டில் மேட்டுப்பாளையம் பஸ் ஹாரன் அடித்தது. மருமகன் முன்னால் நின்று பேசியவள் இல்லை நான். கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னேன்.

"அவ கேட்டப்பச் சும்மா இருந்தீங்க மாப்பிள்ளை. அது முடிஞ்சுது. இனிக் கை நீட்டக் கூடாதுங்களே."

"அத்தே, அது விளையாட்டு."

ஆமாம், விளையாட்டுதான். அந்த மனுஷர் யோக்கியமாக இருந்த ஒரே இடம் அதுதான். அன்றைக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை, இங்கே எழுதிவிட்டேன். மகள் பையை எடுத்து, அவர் தோளை இடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவர் பதில் தேடி நின்றார். பிற்பாடு தன் அம்மா ஊட்டுக்குப் போய்விட்டார். அங்கேயும் தேடிக்கொண்டிருப்பார்.

மகள் இன்னும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். விலை ஜாஸ்தியென்று என்னைத் தொடவிடாத அந்த அட்டை, பனிக்காற்றில் ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. விளையாட்டுத் தெரிந்தவர்கள் யாராவது நான் எழுதிய சட்டம் சரியா என்று பார்த்துத் திருத்துங்கள். மகள் கேட்டதையும் அவர் சும்மா இருந்ததையும் திருத்த வேண்டாம். நான் பக்கத்தில்தான் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன்.